ரோகு மீனும் ஆற்று வெள்ளமும்

இந்தியாவில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படும் நன்னீர் மீன்களுள் ரோகு ஒன்றாகும். கெண்டை இனத்தைச் சேர்ந்த இம்மீன், கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகிய நதிகளையும் அவற்றின் உபநதிகளையும் பூர்வீகமாகக் கொண்டது. காவிரி முதலிய தென்னாட்டு ஆறுகளில் இது பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது.

குஞ்சுப் பருவத்தில் ரோகு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். வளர்ந்தபின் பாசியும் அழுகிய தாவரப் பொருள்களுமே இதன் முக்கிய உணவு. கட்லா மேற்பரப்பிலும், மிருகால் அடித்தளத்திலும், ரோகு நடுமட்டத்திலும் இரை தேடுகின்றன. ஆகவே இம்மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்க இயலுகிறது.

ஆயினும் குளத்தில் செழித்து வளரும் ரோகு, அங்கு இயல்பாக முட்டையிடுவதில்லை. இரண்டு வயதளவில் பருவமடையும் இம்மீன், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆறு கரைபுரண்டு தாழ்நிலங்களில் பரவும்போது, ஆழமற்ற அப்புதுநீரில் முட்டையிடுகிறது. ஒரு பெண்மீன் இடும் முட்டைகள் இலட்சக் கணக்கில் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் அவை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுகின்றன. குளத்து மீனுக்கோ வெள்ளத்தின் தூண்டுதல் கிட்டுவதில்லை. அதன் வயிற்றில் முதிர்ந்த முட்டைகள் வெளிவராமலே உடலில் கரைந்துபோகின்றன.

இக்காரணத்தால் முற்காலத்தில் மீன் வளர்ப்போர் ஆற்று வெள்ளத்தில் வலைகட்டிக் குஞ்சுகளைச் சேகரித்தனர். அவற்றோடு வேண்டாத இனங்களின் குஞ்சுகளும் கலந்து வந்தன. மிகச் சிறிய பருவத்தில் அவற்றைப் பிரித்தறிவது அரிது.

இத்தடை நீங்க வழிகாட்டியது 1957-ஆம் ஆண்டில் ஒரிசாவிலுள்ள (இன்றைய ஒடிசா) அங்குலில் நடைபெற்ற ஆராய்ச்சியாகும். மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரி சுரப்பியின் ஊக்குநீரே முட்டை வெளிப்படக் காரணம். முதிர்ந்த மீன்களிலிருந்து எடுத்த அச்சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி, ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். அச்சாதனை நிகழ்ந்த ஜூலை 10-ஆம் நாள், தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

எனினும் ஆற்று மீனின் தேவை இதனால் தீர்ந்துவிடவில்லை. பொரிப்பகங்களில் ஒரு சில தாய்மீன்களின் வழிவந்தவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தால், உறவுக் கலப்பினால் வமிசம் நலிவுறும். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், விரைந்து வளரும் 'ஜெயந்தி' ரோகுவை உருவாக்க முனைந்தபோது, கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் மீன்களையும் பயன்படுத்திக்கொண்டது. அணைகளும் கரைகளும் ஆற்றை வெள்ளச் சமவெளியினின்று பிரிக்கும் இடங்களில் இயற்கை இனப்பெருக்கம் குன்றுகிறது. குளத்து மீனுக்கு மூலவித்தாக விளங்குவது ஆற்று மீனே. ஆதலின் அது முட்டையிடும் வெள்ளநிலங்களைக் காப்பது மீன் வளர்ப்போருக்கும் நன்மை பயப்பதாகும்.