ஷேர்ப்பா மக்களின் சமயம்: சில சமூகவியற் குறிப்புகள்

ஷேர்ப்பா மக்களின் சமயத்தை விவரிப்போர் பெரும்பாலும் மலையிலிருந்தே தொடங்குவர். பனிச்சிகரமும் அதனடியில் அஞ்சி வணங்கும் எளிய மனிதனுமான சித்திரம் மலையேறிகளின் நூல்கள் வாயிலாக நிலைபெற்றுவிட்டது. வரலாற்றைப் புறந்தள்ளும் இச்சித்திரத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திபெத்தின் காம் பிரதேசத்திலிருந்து நேபாளத்தின் சோலு-கும்புவில் வந்து குடியேறிய இம்மக்கள், திபெத்திய பௌத்தத்தின் ஞிங்மா மரபினர். கும்பியுலா மலையிலுறையும் காவற்றெய்வத்தையும் நீரூற்றுகளில் வாழும் 'லூ' எனும் நாகதேவதைகளையும் அவர்கள் வழிபடுவர். கிராமக் கோயில்களிற் சடங்கு நடத்தியோர் மனைவி மக்களுடன் வாழ்ந்த லாமாக்களே. பௌத்தமெனின் பிரமசரியப் பிக்குவையே எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம். கும்புவில் பிரமசரியத் துறவியர்க்கான மடம் தெங்போச்சேயில் எழுந்தது 1916இலேயாம்.

அவ்வளவு பிந்தி எழுந்தது ஏன்? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவிய உருளைக்கிழங்குச் செய்கை தந்த உபரியே காரணமென்றார் மானிடவியலாளர் ஹைமண்டோர்ப். ஷெரி ஓர்ட்னர் இதனை மறுத்தார். திபெத்து வணிகத்தாலும் டார்ஜிலிங்கிற் கிடைத்த கூலி, ஒப்பந்த வேலைகளாலும் வந்த செல்வத்தையும், தம்முட் போட்டியிட்ட பெருந்தனக்காரர் மடங்கட்டிப் புண்ணியமும் தலைமையும் தேடியமையையும் அவர் முதன்மைப்படுத்தினார். உபரி மடத்தைச் சாத்தியமாக்கியதே தவிர, தவிர்க்கவியலாததாக்கவில்லை என்பதே நம் கருத்து. அடித்தளத்திலிருந்து மேற்கட்டுமானத்தை நேர்கோடாக வருவித்துவிடும் நம்மவர் சிலர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. 1934இன் நிலநடுக்கத்திலும் 1989இன் தீயிலும் அழிந்த தெங்போச்சே, இருமுறையும் மீளக் கட்டப்பட்டது.

இன்று மலையேற்றக் கூலியே பலரின் வாழ்வாதாரம். சோமோலுங்மா எனப்படும் எவரெஸ்டில் உறைபவள் மியோலங்சங்மா தேவி. ஏறுமுன் அடிவார முகாமிற் கற்பீடம் அமைத்து, ஜூனிப்பர் தழை புகைத்து, பனிக்கோடரிகளையும் காலணிகளையும் அருகே வைத்து அவளிடம் அனுமதி வேண்டுவர். உழைப்புக் கருவியே இங்கு வழிபாட்டினுள் வந்துவிடுகிறது.

2014 ஏப்ரல் 18இல் கும்பு பனியருவியில் வீழ்ந்த பனிச்சரிவு 16 நேபாளத் தொழிலாளரைப் பலிகொண்டது, பெரும்பாலோர் ஷேர்ப்பாக்கள். குடும்பமொன்றுக்கு 40,000 நேபாள ரூபா என அரசு முதலில் அறிவித்தது. ஷேர்ப்பாக்கள் அதனை ஏற்கவில்லை. இறந்தோர்க்கு மரியாதையாக அப்பருவத்தில் ஏறுவதில்லை என்ற தீர்மானமும் காப்புறுதி, நிவாரண நிதி ஆகிய கோரிக்கைகளும் ஒன்றாகவே எழுந்தன. நேபாளப் பக்கத்து ஏற்றம் ஏறக்குறைய முற்றாக நின்றது. காப்புறுதித் தொகையை 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் ரூபாவாக அரசு உயர்த்த நேர்ந்தது.