மழைக்காலத்துக்கு வீட்டுத் தோட்டத்தை ஆயத்தம் செய்தல்

மழைக்காலத்துக்கு வீட்டுத் தோட்டத்தை ஆயத்தம் செய்தல் என்பது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள், செடிகள், வடிகால், கூரை, வேலி முதலியவற்றைச் சீர்செய்து வைக்கும் வேலைகளைக் குறிக்கும். குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் செய்யப்படும் குளிர்கால ஆயத்தத்துக்கு இணையான வேலை இது. ஆனால் அங்கே பகை உறைபனி. இங்கே தேங்கும் நீரும் புயற்காற்றும். விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு, செஞ்சி, மயிலம், திண்டிவனம் ஆகிய ஊர்ப்பக்கங்களில் இவ்வேலைகள் ஆவணியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிய வேண்டும்.

பருவமும் காலமும்

பள்ளிப் பாடநூல்களில் வரும் 'இலையுதிர் காலம்' இப்பகுதியின் புரட்டாசி, ஐப்பசி மாதங்களுக்குப் பொருந்தாது. வேம்பு முதலிய மரங்கள் இங்கே இலை உதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்றனர். தோட்ட வேலைக்கு இன்றும் இந்தக் கணக்கே சரியாக வருகிறது.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, அதாவது ஐப்பசி பிறந்த சில நாட்களில் தொடங்குகிறது. மழை தொடங்கிவிட்டால் மரம் ஏற முடியாது, மண் வெட்டினால் சேறாகிவிடும், கூலிக்கு ஆளும் கிடைக்காது. ஆகவேதான் புரட்டாசி கடைசி நாள்.

ஏன் இத்தனை கவனம் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகளே போதும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர், பண்ருட்டிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் வளர்ந்த பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. அது மார்கழி மாதம். 'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை' என்னும் பழமொழியை நம்பியிருந்தவர்களை அது ஏமாற்றிவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

இந்த அளவை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். ஐந்து சென்ட் மனை என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். அதில் 500 மி.மீ. பெய்தால் 1,00,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டுக்கு மேல் ஒரே நாளில் ஒரு வீட்டு மனையில் கவிழ்வதற்கு ஒப்பானது அது.

நீருக்கு வழி விடுதல்

எல்லா வேலைகளிலும் முதன்மையானது இதுவே. கோடையில் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் பறித்துப் பாத்தி கட்டுவது வழக்கம். ஊற்றும் நீர் வேரடியில் நிற்கும். அதே பாத்தி ஐப்பசியில் மரத்துக்குக் கேடாகிறது. மண்ணின் நுண்துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால், வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. ஆகவே அது நீரில் நின்று வளரும். பப்பாளிக்கும் முருங்கைக்கும் அந்த வசதி கிடையாது. சில நாட்கள் நீர் தேங்கினாலே அவற்றின் வேர் அழுகத் தொடங்கும்.

எனவே புரட்டாசியில் பாத்தியைத் தலைகீழாக மாற்ற வேண்டும். தண்டைச் சுற்றி மண் அணைத்து மேடாக்கி, மேட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஆழமில்லாத வாய்க்கால் இழுத்து, அதை மனையின் தாழ்ந்த பக்கத்துடன் இணைத்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கம் எது என்பதில் பலருக்கும் குழப்பம் வரும். இரண்டு குச்சிகளை நட்டு, நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயின் இரு முனைகளையும் அவற்றில் பிடித்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் 'டியூப் லெவல்' இதுதான்.

வாய்க்காலின் முடிவு பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமாக இருக்கக் கூடாது. கிராமங்களில் மழைக்காலச் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. கூரைநீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினால் தோட்டத்துக்கு வரும் நீர் பெருமளவு குறையும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அப்போது அமைத்த தொட்டிகளில் பல இன்று மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கின்றன. சல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் நிரப்பாவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை.

மரங்களைக் கழித்துவிடுதல்

நனைந்த மண் வேரைப் பிடித்து வைக்கும் வலிமையை இழக்கிறது. அந்நேரத்தில் அடர்ந்த தலை பாய்மரம்போல் காற்றை வாங்கினால் மரம் சாய்கிறது. மழையும் காற்றும் சேர்ந்து வரும்போது தனிக்காற்றில் விழாத மரமும் விழுவது இதனால்தான். கழிப்பதன் நோக்கம் காற்று ஊடுருவிச் செல்ல இடைவெளி உண்டாக்குவது, மொட்டையடிப்பது அன்று. மொட்டையடித்த வேம்பிலும் வாதுமையிலும் வெட்டுவாயிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்புக் குறைவு. அவையே பின்னர் வரும் காற்றில் முறிகின்றன. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் கவிந்த கிளை ஆகிய இவற்றை எடுத்தாலே பெரும்பாலும் போதும். கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பட்டை தண்டுவரை கிழியும். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு அரைவெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவெட்டு, கடைசியில் மிச்சக் குச்சத்தை நறுக்குவது என்பதே முறை.

முருங்கை மட்டும் விலக்கு. அதன் கட்டை மெத்தென்றது, எளிதில் முறியும்; அதை நன்றாகவே வெட்டிவிடலாம். வெட்டிய போத்தை வேறிடத்தில் நட்டால் துளிர்க்கும். மாமரத்தில் காய்ந்த, நெருங்கிய கிளைகளை ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்துவிட வேண்டும். தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காய்களை இறக்கினால் போதும். பச்சை மட்டைகளையும் சேர்த்துக் கழிக்கும் பழக்கம் விளைச்சலைக் குறைக்கும். குண்டுமல்லியை இப்போது தொடக் கூடாது. அதற்குக் கவாத்து நவம்பர் கடைசியில்தான்.

மின்கம்பி அருகிலுள்ள கிளையை வீட்டார் தாமே வெட்டுவது உயிருக்கு ஆபத்து. மின்வாரிய அலுவலகத்திலோ 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலோ சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வெட்ட வேண்டும்.

குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழி அல்லது மூங்கிலால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆடியில் விதைத்த அவரைக்கொடி மார்கழி, தையில்தான் நிறையக் காய்க்கும் என்பதால், பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

போர்டோ கலவை

தென்னையில் குருத்தழுகல் நோய் ஈரமான நாட்களில் பரவும். முன்காப்பாக 1 சதவீதப் போர்டோ கலவையைக் குருத்துப் பகுதியில் ஊற்றுவர். 1 லிட்டர் கலவைக்கு 10 கிராம் மயில்துத்தமும் 10 கிராம் நீறாத சுண்ணாம்பும் தேவை. அரை லிட்டர் நீரில் துத்தத்தையும் மற்றோர் அரை லிட்டரில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. இரும்பு துத்தத்திலுள்ள செம்பை வெளியேற்றிவிடும். அதே வினை கலவையைச் சோதிக்கவும் உதவுகிறது: பளபளப்பான கத்தியைக் கலவையில் சற்று நேரம் நிறுத்தினால் செம்புநிறம் படியக் கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. பத்தாம் வகுப்பு வேதியியலில் படிக்கும் இடப்பெயர்ச்சி வினையைத் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம். கலவையை அன்றன்றே பயன்படுத்த வேண்டும்.

கூரை, எரு, விறகு

மண்டகப்பட்டில் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதாகக் கூறுகிறது. ஊரிலுள்ள வீடுகளோ அந்த நான்கினாலும் ஆனவை. ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டியவை. ஓடு மாற்றுவது, கீற்று வேய்வது, தளத்தின் நீர்ப்போக்கியில் அடைத்த சருகை எடுப்பது முதலியன ஆவணி வெயிலிலேயே முடிய வேண்டும்.

எருக்குழி திறந்து கிடந்தால் சத்து மழையில் கரைந்து போகும். கீற்றாலோ தார்பாயாலோ மூடுவது நலம். விறகையும் வறட்டியையும் சுவரில் சாய்த்து அடுக்காமல், கல் வைத்து உயர்த்தி அடுக்க வேண்டும். வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் ஒதுங்க இடம் தேடுவது விறகடுக்குகளில்தான். 'கொல்லை' என்ற சொல் தஞ்சைப் பக்கம் வீட்டின் பின்புறத்தையும், விழுப்புரம் பக்கம் மானாவாரி நிலத்தையும் குறிக்கும். இரண்டு கொல்லையிலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மழைக்கிடையே

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் எட்டுகிறது. அதன் முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி ஆகியவற்றை வாரம் ஒரு நாள் கவிழ்ப்பதுடன் உட்புறம் தேய்த்தும் கழுவ வேண்டும். கிணற்றடியிலும் முற்றத்திலும் படியும் பாசியைப் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்து எடுக்க வேண்டும். வயதானவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். சாய்ந்த சிறு மரங்களை மண் ஈரம் காயுமுன் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பல பிழைத்துக்கொள்ளும்.