‘எனக்கு வேணும்’ என்றொரு விசுவாசப் பிரமாணம்

1542 அக்டோபரில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் படித்த இந்தக் கரைப் பிள்ளைகள் மூவர் கூட வந்தார்கள். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழில் ஆக்கிக்கொண்டார். எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். தவறென்று தெரிந்ததும் சவேரியார் அதை மூடி மறைக்கவில்லை. கூட உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்: இனி அந்தச் சொல் வேண்டாம், ‘வேணும்’ என்பது ஆசைப்படுவது, விசுவசிப்பது வேறு. இந்தக் கரையின் ஐந்நூறு வருடச் சமய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அதுதான். ஊருக்கே வேதம் சொல்லவந்தவர், ஊர்க்காரர்கள் பேசும் மொழிக்குப் பணிந்து தன் பிழையைத் திருத்திக்கொள்கிறார்.

இந்தக் கரைக்கு நம்பிக்கை புதிதல்ல, நம்பிக்கைக்குக் கூலி கொடுப்பதும் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் கடலில் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பகலில் கட்டுவார்கள், பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், இரவில் யாரும் களவாக இறங்காதிருக்க. கடல்கட்டி என்று பெயர். ஞானஸ்நானம் பெற்று நூற்றாண்டுகள் ஆன பிறகும், கடல்கட்டி இல்லாமல் குளிக்க மாட்டோம் என்று நின்றவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்குக் காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி இறங்குகிறவனின் பயத்தைக் கரையில் உட்கார்ந்து அளக்க முடியாது.

அதே தோணியில் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. குளிகாரனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மச்சானாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூடப் பிறந்தவன் சொத்துக்கு ஆசைப்படலாம். மனைவியின் அண்ணன் தம்பியோ கயிற்றை விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவனுடைய சகோதரி.

போதகர்களைக் கரை நம்பிய கதைக்குப் போகும் முன் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1530களில் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் கிறிஸ்தவர்களானபோது யாரை நம்புவது என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. முத்துப்பார்களைக் காப்பாற்றப் போர்த்துக்கீசியரின் பலம் வேண்டியிருந்தது. ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் முடிவெடுத்தார்கள், ஏறக்குறைய இருபதாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த வீடுகளில் இருந்த பெண்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுத நான் உட்காரவில்லை.

ஆனால் வந்த போதகரைக் கரை பார்த்துக்கொண்டே இருந்தது. 1544இல் வடுகப் படைகள் கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் குமரிமுனைப் பக்கம் ஓடி, பசியும் தாகமுமாகப் பாறைகளில் ஒதுங்கினார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். காற்று விடவில்லை. கடல்வழி ஆகாதென்று கரையோரமாக நடந்தே போனார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியத் தலைவர் மக்களைச் சுரண்டியபோது, தன் நாட்டு அதிகாரி என்று பார்க்காமல் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். மொழி தடுமாறிய அந்த மனிதரை இந்தச் சனங்கள் எதை வைத்து நம்பினார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: கயிறு அவர் கையில் இருந்தது.

அவருக்குப் பின் 1547இல் வந்த அன்றிக்கே அடிகளார் 1600இல் இறக்கும்வரை 53 வருடம் இந்தக் கரையிலேயே கிடந்தார். யூத வம்சத்தில் வந்தவர் என்பதற்காகப் போர்ச்சுகலில் ஒரு துறவற சபை அவரை வெளியே அனுப்பியிருந்தது. இங்கே அந்த வம்சக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாயை நம்பாமல் தானே தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. இந்திய மொழி எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் முதல் புத்தகம் அது. ஐம்பது வருடம் ஒருவர் நம் கண்முன்னே வாழ்ந்தால், அவருடைய கோபமும் சோம்பலும் சோற்றுக் கணக்கும் ஊருக்குத் தெரியாமல் போகாது.

அதனால்தான் 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக் கோயில்களை எடுத்துக்கொண்டு, தங்கள் புராட்டஸ்டண்டு போதகத்தைக் கொண்டுவந்தபோது பரதவர்கள் அசையவில்லை. பல்தேயஸ் போன்ற கற்ற போதகர்கள் எடுத்துச் சொல்லியும் செபமாலையை விடவில்லை. அடுத்தடுத்த நூற்றாண்டுகளிலும் யாரை நம்புவது என்ற கேள்வி ஓயவில்லை. கோவா குருக்களா, ரோமையிலிருந்து அனுப்பப்பட்டவர்களா என்று 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஊர்களே இரண்டுபட்டன. புராட்டஸ்டண்டு பக்கம், நாசரேத்தில் மிஷனரியோடு முரண்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் தனிச் சபையே கண்டார். வெள்ளைக்காரர் சொன்னால் வேதமாகிவிடுமா என்று அன்றே இந்த மண்ணில் கேட்டவர் அவர். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானபோது, நம்மவரையே மேய்ப்பராகப் பார்க்கும் காலமும் வந்தது.

இன்று திரேஸ்புரத்தில் என் சித்தி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மீன் ஏலத்துக்குப் போகும் முன் கைபேசியைப் பாத்திர அலமாரியில் சாய்த்துவைத்துப் பிரசங்கம் கேட்கிறாள். 2020 ஊரடங்கில் கோயில்கள் பூட்டிக்கிடந்தபோது பிடித்த பழக்கம். அந்த நாள்களில் அது பெரிய ஆறுதலாக இருந்தது, மறுக்கமாட்டேன். பூசையும் செபமாலையும் அதில்தான் வீட்டுக்குள் வந்தன. பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்று, யார் யாரோ வந்தார்கள். அவர்களில் ஒருவர் மகனுக்குக் கப்பல் வேலை கிடைக்கும், விசுவாசத்தோடு ஒரு விதை விதையுங்கள் என்றார். திரையின் கீழே பணம் அனுப்பும் கட்டம் இருந்தது. சித்தி இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். மாதங்கள் போயின, வேலை வரவில்லை. கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தபோது, மறுமுனையில் இருந்த பையன், உங்களுக்கு விசுவாசம் பத்தலை என்று சொல்லிவிட்டான்.

சங்கிலி போனதற்கு அவள் அழவில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

சவேரியார் அடித்துத் திருத்திய பழைய பிழையையே இவர்கள் திரும்ப எழுதுகிறார்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது. விசுவாசம் என்ற பெயரில் ‘எனக்கு வேணும்’ என்பதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேண்டியது கிடைக்காவிட்டால் குற்றம் கேட்டவள் தலையில்.

நல்ல போதகர்கள் கைபேசியில் இல்லையென்று சொல்லவில்லை. இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி மனம் திரும்பி, குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முன்பு உபதேசியார் எங்கள் தெருவில் இருந்தார். பங்குச் சாமியாருக்கு மேலே ஆயர் இருந்தார். வெளியூர்க் குரு பூசை வைக்க வந்தால் கையில் அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் கட்டுக்குள்ளும் தவறு செய்தவர்கள் உண்டு, செய்த தவறை மூடி மறைத்ததும் உண்டு. ஆனாலும் போய் நின்று கேட்க ஒரு வாசல் இருந்தது. இன்று ஊரும் பட்டங்கட்டியும் சாமியாரும் சேர்ந்து செய்த, போதகரை எடைபோடும் வேலை முழுவதும், பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்ணின் தலையில் விடியற்காலை நாலு மணிக்கு விழுகிறது.

ஆதித் திருச்சபைக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. ‘திதாக்கே’ என்ற சின்ன நூல், ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படி ஏற்பது என்று சொல்கிறது. வந்தால் வரவேற்கவேண்டும். ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டாவது நாளும். மூன்றாம் நாளும் நகராவிட்டால் அவன் பொய்யன். புறப்படும்போது வழிச்சோறு கொடுக்கலாம், பணம் கேட்டால் பொய்யன். போதிக்கிறபடி நடக்காதவனும் பொய்யன். எத்தனை எளிய சோதனைகள்! தத்துவம் படித்திருக்கவேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொன்னவரின் சீடர்கள் வேறெப்படி எழுதுவார்கள்? திருக்குறளும் இதற்கென்று ‘தெரிந்து தெளிதல்’ என்று 51ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. கத்தோலிக்கர்கள் இன்று ‘தேர்ந்து தெளிதல்’ என்கிறோம். முதலில் தேர்வது, அப்புறம் தெளிவது. நம் வீடுகளில் முதலில் பணம் போகிறது.

சித்தி கைபேசியை மூடிவைக்கவில்லை. இப்போதும் கேட்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து பனிமய மாதா கோயில் வாசலில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி புதிதாக ஒருவருடைய பிரசங்கத்தைக் காட்டி, கேட்டுப் பாருங்கக்கா, கண்ணீர் வந்துரும் என்றாள். சித்தி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் பேசுதாரு. இவரு எந்த ஊர்ளா?”

“தெரியலயேக்கா.”

“இவரு தப்பாச் சொன்னா யாரு போய் கேக்கது?”

அவள் பதில் சொல்வதற்குள் சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு மீன் கூடையை எடுக்கப் போய்விட்டாள்.