விண்கலப் போர் விளையாட்டில் பீரங்கியும் ஏவுகணையும்

விண்கலங்கள் போரிடும் கணிப்பொறி விளையாட்டுகளை மாணவர் பலர் அறிவர். ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ அவற்றுள் ஒன்றாகும். பல நாடுகளைச் சார்ந்தோர் இணையத்தின் வழியே ஒரே வேளையில் இதில் ஈடுபடுகின்றனர். இதிலுள்ள கலங்களின் முதன்மையான படைக்கலங்கள் சுழல் பீரங்கியும் ஏவுகணையுமாகும். இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. எதிரிக்கலம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

பீரங்கியின் இயல்பு

பீரங்கி சுட்ட கணத்திலேயே குண்டு இலக்கைத் தாக்குவதாக இவ்விளையாட்டில் கணக்கிடப்படுகின்றது. ஆனால் பீரங்கி இலக்கைப் பின்தொடர்ந்து திரும்ப வேண்டும். அது எவ்வளவு விரைவாகத் திரும்ப வேண்டும் என்பதை இலக்கின் கோணவேகம் முடிவு செய்கின்றது. பார்வைக் கோட்டிற்குக் குறுக்கான வேகத்தைத் தொலைவால் வகுத்தால் கோணவேகம் கிடைக்கும். 10 கிலோமீட்டர் தொலைவில், வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் கலத்தின் கோணவேகம் வினாடிக்கு 0.05 ரேடியன், அதாவது ஏறத்தாழ 3 பாகை. அதே கலம் 50 கிலோமீட்டர் தொலைவில் சென்றால், கோணவேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, அருகில் சுற்றிவரும் சிறு கலத்தைப் பெரும் பீரங்கி தாக்குவது அரிது.

தொலைவு மிகுவதாலும் இடர் உண்டு. ஒவ்வொரு பீரங்கிக்கும் உகந்த வீச்சு ஒன்றும், அதற்கு அப்பால் திறன் படிப்படியாகக் குறையும் தளர்வீச்சு ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளன. உகந்த வீச்சிற்கு அப்பால் ஒரு தளர்வீச்சுத் தொலைவில், தாக்கும் வாய்ப்பு பாதியாகும். இரண்டு தளர்வீச்சுத் தொலைவில் பதினாறில் ஒரு பங்காகும்.

ஏவுகணையின் இயல்பு

ஏவுகணை இலக்கைத் தானே தொடர்ந்து செல்லும். ஆதலால் அதற்குக் கோணவேகம் ஒரு தடையன்று. அதன் எல்லைக்குள் தொலைவு மிகுந்தாலும் சேதம் குறைவதில்லை. ஆயினும் சென்றடையக் காலம் பிடிக்கும். வினாடிக்கு 5 கிலோமீட்டர் செல்லும் ஏவுகணை 50 கிலோமீட்டரைக் கடக்க 10 வினாடிகள் வேண்டும். அதற்குள் எதிரி தப்பிவிடவும் கூடும். மேலும், இலக்கு மிகச் சிறியதாகவோ மிக விரைந்து செல்வதாகவோ இருப்பின் வெடிப்பினால் விளையும் சேதம் குறையும்.

வேறுபாடு தெளிவாகும் இடம்

சிறு கலம் ஒன்று நேராக நம்மை நோக்கி விரைந்து வருவதாகக் கொள்வோம். அதன் வேகம் மிகுதி. கோணவேகமோ ஏறத்தாழச் சுழி. எனவே, பீரங்கிக்கு அது எளிய இலக்காகும். ஏவுகணையோ சிறிதளவே சேதம் விளைக்கும். அதே கலம் அதே வேகத்தில் நம்மை அருகிலிருந்து சுற்றிவரின், ஏவுகணையின் பயன் மாறாது. பீரங்கியின் பயனோ பெரிதும் குன்றும். வேகமும் கோணவேகமும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் காண்பது அரிது.

விளையாட்டும் இயற்கை விதியும்

இவ்விளையாட்டு அனைத்திலும் இயற்கையை ஒத்ததன்று. இதில் உந்துபொறியை நிறுத்தினால் கலமும் நின்றுவிடுகின்றது. நியூட்டனின் முதல் விதிப்படி, வெற்றிடத்தில் கலம் அதே வேகத்தில் சென்றுகொண்டே இருக்கும். பின்னுதைப்பும் இதில் காட்டப்படுவதில்லை. 10,000 கிலோகிராம் கலம் ஒன்று 0.2 கிலோகிராம் குண்டை வினாடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் சுட்டால், கலம் வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் பின்தள்ளப்படும்.

மெய்யான சான்றும் ஒன்று உண்டு. சோவியத் நாடு 1974 ஜூன் மாதத்தில் செலுத்திய சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் ஒரு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. அது அசையாதவாறு இணைக்கப்பட்டிருந்தமையால், குறிபார்க்க நிலையம் முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. 1975 ஜனவரியில், நிலையத்தில் எவரும் இல்லாத வேளையில், அது தரையிலிருந்து இயக்கிச் சுடப்பட்டது.

ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்குகளை வகுப்பில் செய்யச் சொல்லலாம். விளையாட்டு எவ்விடத்தில் இயற்கை விதியைப் பின்பற்றுகின்றது, எவ்விடத்தில் விலகுகின்றது என்பதை மாணவர்களே பிரித்தறியும்படி செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், விண்வெளியில் பொறி நின்றால் கலமும் நிற்கும் என்ற தவறான கருத்து அவர்கள் உள்ளத்தில் நிலைத்துவிடக் கூடும்.