முதலில் நுழைவது தண்ணீர்

1976இல் ஏரியே வார்ஷல் தன் கணினியில் போட்டுப் பார்த்தது கண்ணிலுள்ள ரோடாப்சின் புரதத்தை முழுதாக அல்ல. அதற்குள் ஒளியை வாங்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறைத்தான். புரதத்தின் அமைப்பு வெளிவர இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. புரதத்துக்குள் இருக்கும் நெருக்கடியான இடத்தில் ரெட்டினால் எப்படித் திரும்பும் என்று கணக்கிட்டு, சுமார் 200 ஃபெம்டோ விநாடி ஆகும் என்றார். 1991இல் லேசரால் அளந்தபோது அதே 200தான் வந்தது. கையில் அவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு அத்தனை சரியாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அன்றைய கணினிக்கு எட்டிய நேரம் அவ்வளவே. 1977இல் முதன்முதலாக ஒரு முழுப் புரதத்தின் அசைவைக் கணக்கிட்டார்கள். சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. பத்து பிகோ விநாடியைக்கூட அந்தக் கணக்கு தொடவில்லை.

இன்று ஆய்வாளர்களை இழுத்துப் பிடித்திருப்பது சானல்ரோடாப்சின். கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசி வெளிச்சத்தை அறிந்து நீந்த உதவும் புரதம் இது; இதற்குள்ளும் ஒளியை வாங்குவது ரெட்டினால்தான்; ஒளி பட்டால் செல்லின் சவ்வில் வழி திறந்து அயனிகளை விடும். 2005இல் இதை நரம்புச் செல்லில் வைத்து, நீல ஒளியால் அந்தச் செல்லைத் தூண்டிக் காட்டினார்கள். 2021இல் இதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் மரபணுவைக் கண்ணில் செலுத்திக்கொண்ட பார்வையிழந்த ஒருவர், சிறப்புக் கண்ணாடியின் துணையோடு மேசைமேல் இருந்த பொருளைக் கண்டு தொட்டார்.

ஆனால் அந்த வழி எப்படித் திறக்கிறது? நெடுநாள் கையில் படமே இல்லை. பாக்டீரியாவில் இருக்கும் உறவுக்காரப் புரதங்களை அச்சாக வைத்து, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து வரைந்தார்கள். 2012இல் ஜப்பானில் ஒசாமு நுரேகியின் குழு படிக அமைப்பை வெளியிட்டது. புரதத்தின் ஏழு சுருள்களும் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் அது இருட்டில் மூடிக் கிடந்த நிலை. திறப்பதைக் காட்டும் வேலை கணினிக்கு வந்தது.

வழியின் நடுவே 90ஆம் இடத்தில் ஒரு குளூட்டாமிக் அமிலம் இருக்கிறது. 2014இல் பீட்டர் ஹெகெமானும் உடனிருந்தவர்களும் அதை எடுத்துவிட்டு நேர்மின்சுமை கொண்ட அமினோ அமிலத்தை வைத்தார்கள். நேரயனிகளை விட்ட வழி குளோரைடை விடத் தொடங்கியது; நரம்பைத் தூண்டிய புரதம் அதை அடக்கும் புரதமாயிற்று. சோதனையோடு கணினிச் சிமுலேஷனும் அந்த வேலையில் கைகோத்திருந்தது.

2018இல் ஃபிராங்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் உயிர் இயற்பியல் நிறுவனத்தில் ஆர்டெவோலும் ஹும்மரும் இன்னும் உள்ளே போனார்கள். இருட்டு நிலையை மட்டுமே கணினியில் நான்கு மைக்ரோ விநாடி ஓட்டினார்கள். பிறகு ரெட்டினாலைத் திருப்பினார்கள். வாயிலில் ஒன்றையொன்று பிடித்திருந்த மின்சுமைகள் இடம் மாறின. மைக்ரோ விநாடிகளில் தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே கசிந்து, சவ்வின் இரு பக்கத்தையும் இணைத்தன. கதவு ஒரேயடியாகத் திறப்பதாக நினைத்திருந்த எனக்கு இந்தக் கசிவுதான் பெரிய செய்தி.

அந்த ஈரவழியில் அயனி இன்னும் போக முடியாது. உண்மையான புரதம் திறக்கச் சுமார் 200 மைக்ரோ விநாடி ஆகிறது. ஓர் அடிக்கு இரண்டு ஃபெம்டோ விநாடி என்று கணினி நடந்தால், அது 10,000 கோடி அடிகள். தண்ணீர் நுழைந்ததற்கும் முதல் அயனி கடப்பதற்கும் இடைப்பட்ட அந்தத் தூரத்தில்தான் இப்போது வேலை நடக்கிறது.