ஆண்டறிக்கை இல்லாத எந்திரம்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். விசைத்தறிச் சத்தம் நிறைந்த இந்த ஊரில் ஒரு பெரிய காகித ஆலை உண்டு: சேஷசாயி பேப்பர் அண்ட் போர்ட்ஸ். ஊர்க்காரர்களுக்கு எஸ்பிபி. 1960இல் பதிவான கம்பெனி, 1962 டிசம்பரில் ஆண்டுக்கு 20,000 டன் திறனோடு உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்து ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை. அங்கே சாறு பிழிந்து மிஞ்சும் சக்கை, இங்கே கூழாகிக் காகிதமாகிறது. இரண்டு கம்பெனியும் பங்குச் சந்தையில் இருப்பவை. பங்கு வாங்க நினைப்பவர் கேட்க வேண்டியவை தெரிந்த கேள்விகள்தாம்: எத்தனை டன் விற்றது, செலவு போக என்ன நின்றது, கடன் எவ்வளவு, ஈவுத்தொகை உண்டா? இவற்றின் விடைகளைத்தான் நிதி அடிப்படை என்கிறோம்.

இதே கேள்விகளோடு பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்திடம் போனால் திகைப்புதான். ஆலை இல்லை, சரக்கு இல்லை, லாபம் இல்லை, ஆண்டறிக்கை அச்சிட ஓர் அலுவலகம்கூட இல்லை. ஆனால் உள்ளே அபாரமான ஓர் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் யாரென்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. அதன்படி 2009 ஜனவரி 3 அன்று ஒரு கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எழுதப்பட்டது. அந்தப் பக்கத்துக்குப் பெயர் பிளாக். புத்தகத்தின் நகல் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் ஹாஷ் பதிந்திருக்கும். எவ்வளவு நீளமான எழுத்தையும் 64 குறிகளாகச் சுருக்கிவிடும் முத்திரை அது. 'பள்ளிபாளையம்' என்று கொடுத்தால் ஒரு முத்திரை; கடைசி மெய்யின் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தால் துளியும் சாயலற்ற இன்னொன்று. பழைய பக்கத்தில் ஒரு பைசாவைத் திருத்தினாலும் பின்னால் வரும் அத்தனை முத்திரைகளும் பொய்த்துப்போகும்.

புதுப் பக்கத்தைச் சேர்க்க, நிபந்தனைக்குப் பொருந்தும் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. சூட்கேஸின் எண்பூட்டைத் திருகித் திருகிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக முயல வேண்டியதுதான். உலகெங்கும் இதற்கென்றே ஓடும் இயந்திரங்கள் ஒரு வினாடியில் எத்தனை முறை முயல்கின்றன? 50 லட்சத்தைக் கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடி கோடியால் பெருக்குங்கள். அதற்கும் மேலே.

முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு, புதிய காசுகள். ஆரம்பத்தில் பக்கத்துக்கு 50. பிறகு 2,10,000 பக்கங்களுக்கு ஒருமுறை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில், பரிசு பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125க்கு இறங்கியது. 50, 25, 12.5 என்று எவ்வளவு தூரம் கூட்டினாலும் மொத்தம் 100ஐத் தாண்டாது. அதை 2,10,000ஆல் பெருக்கினால் 2.1 கோடி. பிட்காயினின் உச்சவரம்பு அவ்வளவுதான்.

இன்னொரு நுட்பம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2021இல் சீனா எண் தேடும் இந்த இயந்திரங்களை விரட்டியடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டிய பக்கங்கள் தாமதமாயின. ஒவ்வொரு 2,016 பக்கங்களுக்கும் ஒருமுறை எந்திரம் தன் வேகத்தைத் தானே சரிபார்க்கும். ஜூலை 3 அன்று புதிரின் கடினத்தை ஏறத்தாழ 28 சதவீதம் குறைத்துக்கொண்டது. கூட்டம் போட்டு யாரும் முடிவெடுக்கவில்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எந்திரம் அற்புதமாக ஓடலாம். காசை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன வருகிறது? பிட்காயினைப் பொறுத்தவரை, அடுத்தவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் லாபம். பெட்டியில் கிடக்கும்போது அது எதையும் சம்பாதிப்பதில்லை.

2015இல் வந்த எத்தீரியம் கொஞ்சம் மாறுபட்டது. அதன்மீது கணினி நிரல்களை ஓட்டலாம். ஓட்டுபவர் கட்டணம் கட்ட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 முதல் அந்தக் கட்டணத்தின் அடிப்படைப் பகுதி எரிக்கப்படுகிறது, அதாவது அந்தக் காசு நிரந்தரமாக அழிக்கப்படுகிறது. புழக்கம் கூடினால் எரிவதும் கூடும், மற்றவர்களின் பங்கு மெல்ல உயரும். 2022 செப்டம்பர் 15 அன்று எண் தேடும் போட்டியையே கைவிட்டதில் மின்செலவு ஏறக்குறைய 99.95 சதவீதம் குறைந்தது. எவ்வளவு கட்டணம் வசூலானது என்பதைக் காலாண்டு முடிவுக்குக் காத்திராமல் அன்றன்றைக்கே யாரும் எண்ணிப் பார்க்கலாம். காகித ஆலையின் கணக்குக்கு மிக அருகில் வருவது இதுதான்.

புதுமை மட்டும் போதுமென்றால் டெரா என்ற கிரிப்டோ திட்டம் தப்பித்திருக்க வேண்டும். அதன் டாலர் நாணயம் ஒன்றைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புக்கு லூனா என்ற இரட்டை நாணயத்தை எந்திரம் அச்சடித்துத் தரும். விலை நழுவாமல் காக்கும் கெட்டிக்கார ஏற்பாடு. போட்டுவைத்தால் ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத வட்டி என்றார்கள். கடன் வாங்கித் தறி ஓட்டியவர் கேட்கும் முதல் கேள்வி: அந்த வட்டியைக் கட்டுவது யார்? கட்டுபவர்கள் போதவில்லை, கையிருப்பிலிருந்து ஈடுகட்டினார்கள். 2022 மே மாதம் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேற முண்டியடித்தார்கள். எந்திரம் சொன்னபடியே அச்சடித்தது. சுமார் 35 கோடியாக இருந்த லூனா சில நாட்களில் 6.5 லட்சம் கோடி ஆனது. விலை காற்றில் போனது.

நாணயம் சரியாக இருந்தாலும் அதை வைத்திருக்கும் இடம் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிவர்த்தனைத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. திருடுபோனவை எத்தீரியம் வகை நாணயங்கள். ஆனால் எக்ஸ்ஆர்பி என்ற வேறொரு நாணயத்தை வாங்கி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கும் முடங்கியது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதைப் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

இனி வருமான வரி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் லட்சம் ரூபாய் லாபம், இன்னொன்றில் லட்சம் ரூபாய் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சியது எதுவுமில்லை. கட்ட வேண்டிய வரி 31,200 ரூபாய்.