ரப்பர் உடையும் அதனைப் பேணும் முறையும்

நெல் விளையும் நாட்டில் உழைப்போரின் கையும் காலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரத்திலேயே இருக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 தொடங்கித் தை மாத அறுவடை வரையில், திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பகுதியில் சேறும் தண்ணீரும் இல்லாத வயல் வேலை அரிது. நெசவுத் தொழிலிலும், நூலுக்குச் சாயம் ஏற்றுவோர் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கலந்த நீரில் கை நனைக்க வேண்டியிருக்கிறது. இவ்விரு சாராருக்கும் ரப்பர் கையுறையும், முழங்காலளவு ரப்பர் பூட்ஸும், மழைக் கோட்டும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. மண்வெட்டியையும் தறியையும் போலத் தொழிற்கருவிகளே ஆகும். கருவியைப் பேணுவது போலவே இவற்றையும் பேண வேண்டும். ஓட்டை விழுந்த கையுறை, கையுறை இல்லாமையைக் காட்டிலும் தீயது. உள்ளே புகுந்த மருந்து வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டியே இருக்கும். அணிந்தவரோ தமக்குக் காப்பு இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருப்பார்.

ரப்பரின் இயல்பு

நம் மாநிலத்தில் ரப்பர் மரம் செழித்து வளர்வது கன்னியாகுமரி மாவட்டத்தில். அங்கே விடியுமுன்னரே மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கின்றனர். அப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்குகின்றனர். கை வடிவான அச்சுகளை அப்பாலில் தோய்த்தெடுத்துச் சூடாக்கினால் கையுறை கிடைக்கிறது.

1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி மழைக்கு நனையாத உடையைச் செய்தார். ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் எனக் கண்டார். இன்றைய ரப்பர் உடைகள் யாவும் அம்முறையின் வழி வந்தவை. எனினும் வெயில், எண்ணெய், செம்பு ஆகிய மூன்றும் இன்றும் இயற்கை ரப்பருக்குப் பகைகளே.

எந்த வேலைக்கு எந்த உடை?

சாயம் ஏற்றுவோருக்குத் தடித்த இயற்கை ரப்பர் கையுறை ஏற்றது. நீரில் கரைந்த காரத்தை அது நன்கு தாங்கும். பூச்சிமருந்து தெளிப்போருக்கு நிலைமை வேறு. திரவ மருந்துகள் பலவற்றில் எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான் கலந்திருப்பதால், அது இயற்கை ரப்பரை ஊடுருவிச் செல்லும். ஆகவே நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையே அவர்களுக்குத் தக்கது. மருத்துவமனையில் உபயோகிக்கும் மெல்லிய கையுறையும், உட்புறம் துணி ஒட்டிய கையுறையும் மருந்து தெளிக்க உதவா. துணி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் சுமார் 20 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்து மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலிற் சேரும் என்பதை எவரும் மறத்தலாகாது.

முழங்காலளவு பூட்ஸ் நாற்று நடவுக்கு உதவாது. சேறு அதைப் பிடித்து இழுத்துவிடும். வரப்பில் நடக்கவும், வாய்க்கால் தூர்வாரவும், இரவில் தண்ணீர் பாய்ச்சவும் அது பெருந்துணை. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். வயலில் கடி பெரும்பாலும் காலிலேயே படுகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள வெட்டுக்காயத்தின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி புகுவதையும் பூட்ஸ் தடுக்கும்.

அணியும் முறை

கையுறை அணியுமுன் நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிடுக. கையுறையில் காற்றை நிரப்பி, மணிக்கட்டுப் பகுதியை முறுக்கிப் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்துக. குமிழி வந்தால் ஓட்டை உண்டென்று அறிந்து அதை நீக்கிவிடுக. வாயால் ஊதிப் பார்த்தல் கூடாது.

கீழ்நோக்கி மருந்து தெளிக்கையில் சட்டையின் கை கையுறைக்கு மேலே விழ வேண்டும். கையை உயர்த்தித் தெளிக்கையில் கையுறை சட்டைக்கு மேலே வர வேண்டும். காற்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விடுக. இல்லையேல் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கும்.

ரப்பர் வியர்வையை உறிஞ்சாது. ஆதலின் உள்ளே பருத்தித் துணி அணிதல் நலம். இதற்கு நம் கைத்தறித் துணியினும் ஏற்றது வேறில்லை. அதை அன்றன்றே தனியே துவைக்க வேண்டும். உச்சி வெயிலில் ரப்பர் உடையோடு வேலை செய்தால் உடற்சூடு ஏறி மயக்கம் வரும். காலையிலும் மாலையிலும் தெளித்து, இடையிடையே நிழலில் அமர்ந்து நீர் பருகுக. இயற்கை ரப்பர் பட்டதும் தோலில் அரிப்போ தடிப்போ தோன்றினால், அதை விடுத்து மருத்துவரைக் காண்க. மூச்சுத் திணறினால் சற்றும் தாமதித்தல் ஆகாது.

பேணும் முறை

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றுமுன், கையில் இருக்கும்போதே வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவுக. பிறகு கழற்றி உட்புறத்தையும் கழுவுக. குளத்திலும் வாய்க்காலிலும் கழுவினால் மருந்து மீனுக்கும் மாட்டுக்கும் போய்ச் சேரும்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலிலும் அடுப்பருகிலும் உலர்த்தினால் ரப்பர் வெடிக்கும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவதும், கறை போக மண்ணெண்ணெயால் துடைப்பதும் ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். செம்பும் பித்தளையும் படலாகாது. பித்தளை அண்டாவில் போட்டு வைத்தல் தவறு. பம்புசெட்டு அறையில் தொங்கவிடுவதும் தவறே. மோட்டாரில் எழும் மின்பொறியால் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் விரிசல் விழச் செய்யும்.

நன்கு உலர்ந்தபின் கையுறைக்குள் சிறிது டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். பூட்ஸுக்குள் உலர்ந்த வைக்கோலோ பழைய காகிதமோ திணித்து நிமிர்த்தி வைத்தால் மடிப்பில் கிழியாது; அடுத்த நாள் அணியுமுன் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தல் வேண்டும், தேள் இருக்கக்கூடும். மருந்து பட்ட உடையை வீட்டுத் துணியோடும் உணவுப் பொருளோடும் சேர்த்து வைத்தலாகாது.

யாருடைய பொறுப்பு?

மருந்து வாங்குவது நிலத்துக்குரியவர். தெளிப்பது பெரும்பாலும் கூலிக்கு வந்தவர். கையுறை வாங்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்போது இருவரும் வாளாவிருக்கின்றனர். துன்பம் தொழிலாளியின் உடலில் விடிகிறது. மருந்துச் செலவோடு சேர்த்துக் காப்புடைச் செலவையும் நிலத்துக்குரியவரே ஏற்பதுதான் நியாயம். ஏக்கருக்கு இவ்வளவு மருந்து என்று கணக்கிடுபவர், தெளிப்பவருக்கு ஓர் இணைக் கையுறை என்றும் கணக்கிடலாம்.

தனி ஒருவருக்குப் பாரமாகத் தோன்றுவதைச் சங்கம் எளிதாக்க வல்லது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் நெசவாளர் சங்கங்களும் பருவம் தொடங்குமுன் அங்கத்தினரின் தேவையைக் கேட்டறிந்து, மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். பெண்களின் கைக்கும் காலுக்கும் பொருந்தும் சிறிய அளவுகளை மறவாமல் வாங்க வேண்டும். உரமும் மருந்தும் விற்கும் இடத்திலேயே கையுறையும் கிடைத்தால் வாங்குவோர் பெருகுவர். வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, அடுத்த சாகுபடிக்கு முன்பே நிறைவேற்றிக்கொள்வார்களாக.